204 வந்துவிட்டது, படம் போகவில்லை

மதுரைப் பக்கம் உள்ள சில கல்யாண ஸ்டூடியோக்களுக்காக ஒரு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். வேறொருவர் எழுதி, என் கைக்கு வந்தது. வேலை எளிமையானதுதான். ஸ்டூடியோக்காரர் படங்களை ஏற்றுவார். வீட்டாருக்கு ஒரு லிங்க் போகும். அவர்கள் போனிலேயே பார்த்து ஆல்பத்துக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆல்பம் அச்சாகிக் கைக்குப் போன பிறகு படங்களை அழித்துவிட வேண்டும். படங்கள் இருப்பது அமேசானின் எஸ்3 சேமிப்பில், மும்பை ரீஜனில். அழிப்பது ஒரு லாம்டா ஃபங்ஷன், அதாவது அமேசானின் லாம்டா சேவையில் ஓடும் ஒரு சிறு நிரல். இதற்கென்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எதுவும் கிடையாது. கூப்பிட்டால் வரும், வேலையை முடிக்கும், போய்விடும்.

இந்த மென்பொருளில் நான் அதிகம் கவலைப்படும் இடம் அந்த அழிக்கும் ஃபங்ஷன்தான். படம் ஏறவில்லை என்றால் அடுத்த நிமிடம் போன் வந்துவிடும். அழியவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் பில்லில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவுதான் என்று விடும் விஷயம் இல்லை.

ஒரு நிச்சயதார்த்தம் முறிந்துபோனது. பெண்ணின் அண்ணன் ஸ்டூடியோவுக்கு நேரில் வந்து, எல்லாப் படங்களையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஸ்டூடியோ அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அந்த வீட்டுப் படம் ஒண்ணுகூட இருக்கக்கூடாது. நான் வாக்கு கொடுத்துட்டேன்.” ஃபங்ஷனை ஓடவிட்டோம். ஃபங்ஷன் எழுதி வைக்கும் பதிவான லாகில் எல்லாம் வெற்றி என்று வந்தது. சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். “லிங்க்ல இன்னும் வருதேப்பா.”

எஸ்3-இல் ஒரு ஃபைலை அழிக்கச் சொன்னால் 204 என்ற பதில் வரும். ‘முடிந்தது, திருப்பித் தர எதுவும் இல்லை’ என்று அர்த்தம். அந்தப் பெயரில் ஃபைல் இருந்து அழிந்தாலும் 204 வரும். முதலிலிருந்தே அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றாலும் அதே 204 வரும். நல்ல காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பின்னணியில் ஓடும் லாம்டா ஃபங்ஷன் பாதியில் விழுந்தால், அதுவே இன்னும் இரண்டு தடவை வரை ஓடிப் பார்க்கும். முதல் ஓட்டத்தில் அழிந்துபோன ஃபைலை இரண்டாவது ஓட்டம் தேடி, இல்லை என்று பிழை எழுப்பினால் எதுவும் முடிவுக்கு வராது. எத்தனை தடவை அழித்தாலும் ஒரே பதில் என்பது அந்த வகையில் வசதி. ஆனால் அந்தப் பதில் சொல்வது ‘இந்தப் பெயரில் இப்போது எதுவும் கண்ணில் படாது’ என்பதை மட்டும்தான். எதையாவது அழித்தேன் என்று அது சொல்லவே இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைக்காமல் எழுதிய அழிக்கும் ஃபங்ஷனை நான் நம்புவதில்லை.

சரி, எந்தப் பெயரில் தேடியது, எந்தப் பெயரில் படம் இருந்தது? இங்கேதான் விஷயம் நம் எழுத்துக்குள் போகிறது. ஃபோல்டரின் பெயர் கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மைப் பெயர் வேறு). டேட்டாபேஸில் கோமதி, எஸ்3-இல் கோமதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துளி வித்தியாசம் தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை (எத்தனை குறிகள் என்று) கேட்டால் ஒன்று 5 என்கிறது, இன்னொன்று 6 என்கிறது.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யுனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒரு விதம். இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்துப் போடுவது இன்னொரு விதம். பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகியது போலவே இரண்டாவது. இரண்டும் சமம் என்றே யுனிகோட் தரம் சொல்கிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் எஸ்3 எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. யுனிகோடைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு கோமதி 15 பைட், இன்னொரு கோமதி 18 பைட். எஸ்3-க்கு இவை சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள்.

எப்படி இரண்டாகப் பிரிந்தது என்றால், வாடிக்கையாளர் பெயரை ஸ்டூடியோ அண்ணன் தன் ஆண்ட்ராய்டு போனில் அடித்துப் பதிவு செய்கிறார். அங்கே ஒற்றைக் குறி. படங்கள் ஏறுவது எடிட்டிங் அறையில் இருக்கும் மேக்கிலிருந்து, பழைய வெளி ஹார்டு டிஸ்க் வழியாக. அந்த டிஸ்க் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய மேக் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது. அந்த முறை ஃபைல் பெயர்களைச் சேமிக்கும்போதே கூட்டுக் குறிகளைப் பிரித்து வைத்துவிடும். ஏற்றும் மென்பொருள் ஃபோல்டர் பெயரை அப்படியே எஸ்3 கீ ஆக்கியது (கீ என்பது எஸ்3-இல் ஒரு ஃபைலை அடையாளம் காட்டும் பெயர், அதன் சாவி). அழிக்கும் ஃபங்ஷன் டேட்டாபேஸில் இருந்த பெயரை எடுத்து, அதில் தொடங்கும் படங்களை எல்லாம் கேட்டது. பூஜ்யம் படங்கள் என்று பதில் வந்தது. பூஜ்யத்தையும் அழித்துவிட்டு வெற்றி என்று எழுதியது. கொம்பும் காலும் சேர்ந்து வராத மீனாட்சி, சரவணன், திவ்யா வீட்டுப் படங்கள் எல்லாம் ஒழுங்காகவே அழிந்திருந்தன. கோமதி, மோகன், பொன்னி வீட்டுப் படங்கள்தான் அப்படியே கிடந்தன.

இதற்கு அவசர மருந்தாகச் சிலர் செய்வது, கேட்கும் பெயரை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு அழிப்பது. அது பாதி மருந்து. பக்கெட்டில், அதாவது எஸ்3-இல் நம் ஃபைல்கள் கிடக்கும் இடத்தில், ஏற்கெனவே இருப்பது எந்த வடிவம் என்று யாருக்கும் தெரியாது. நான் செய்தது வேறு. முதலில் பக்கெட்டில் இருக்கும் கீக்களை எல்லாம் பட்டியலாக வாங்கி, ஒப்பிடுவதற்காக மட்டும் பைத்தானின் யுனிகோட்டேட்டா நூலகம் மூலம் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன். பொருந்தியதும், அழிக்கும்போது எஸ்3 கொடுத்த கீயை ஒரு பைட்டும் மாற்றாமல் அதனிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் வீட்டுப் படங்கள் அன்றிரவே போயின.

நிரந்தரத் தீர்வு, பெயரையும் கீயையும் பிரிப்பது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு யூயூஐடி எண், அதாவது வேறு யாருக்கும் வராத ஒரு நீண்ட அடையாள எண். கீயில் அந்த எண் மட்டும் இருக்கும். தமிழ்ப் பெயர் டேட்டாபேஸில் இருக்கும், திரையில் வரும். இதைச் சொன்னால், பேசாமல் ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கச் சொல்லிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஸ்டூடியோக்காரர் தமிழில்தான் எழுதுவார், வீட்டார் தங்கள் பெயரைத் தமிழில்தான் பார்க்க வேண்டும். எந்தச் சேமிப்பாக இருந்தாலும் மனிதர் எழுதும் பெயரைச் சாவியாக ஆக்கினால் இந்த மாதிரி ஏதாவது ஒரு வடிவில் வந்து நிற்கும்.

பெயரைச் சாவியாக வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது இதைவிடப் பயமானது. எஸ்3-இல் ஃபோல்டர் என்று உண்மையில் ஒன்று கிடையாது. சாய்வுக் கோடு போட்ட நீளமான பெயர்கள் மட்டும்தான். ஒரு ஃபோல்டரை அழிப்பது என்றால், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்து அழிப்பது. கடைசியில் சாய்வுக் கோடு போடாமல் ‘கோபால்’ என்று கேட்டால் கோபால்சாமி வீட்டுப் படங்களும் சேர்ந்து வரும். 12 என்று கேட்டால் 120-உம் வரும். எல்லாவற்றையும்விட மோசம், அந்தப் பெயர் ஏதோ காரணத்தால் வெற்றாக வந்துவிட்டால் பக்கெட்டில் உள்ள அத்தனையும் பட்டியலில் வரும். ஃபங்ஷனில் இப்போது முதல் வேலையே இதுதான்: வந்த எண் முழுமையான யூயூஐடி வடிவில் இருக்கிறதா, கடைசியில் சாய்வுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் ஒரு ஃபைலையும் தொடாமல் பிழையோடு நின்றுவிடும்.

படம் ஏறும்போதோ அழியும்போதோ எஸ்3 அனுப்பும் அறிவிப்பை வைத்து வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த அறிவிப்பில் கீ நேரடியாக வராது. இடைவெளி கூட்டல் குறியாகவும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறி போட்ட மூன்று துண்டுகளாகவும் மாறி வரும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் அப்படியே அழிக்கக் கொடுத்தால் மறுபடியும் அந்த 204 வரும், ஒன்றும் அழியாது.

எண்ணிக்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 பெயர்கள்தான் தரும், மீதிக்குத் தொடர்ச்சி டோக்கன் கொடுத்துக் கேட்க வேண்டும். மொத்தமாக அழிக்கும் கட்டளையும் ஒரு தடவைக்கு 1000 வரைதான். ஒரு கல்யாணத்தில் 4000 படம் சாதாரணம். முதல் பக்கத்தோடு நின்றுவிடும் ஃபங்ஷன் மீதி 3000 படத்தை விட்டுவிட்டு வெற்றி என்று சொல்லும். அதோடு மொத்தமாக அழிக்கும்போது மொத்தப் பதில் 200 என்று வந்தாலும், உள்ளே தோல்விகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கும். அனுமதி இல்லாததால் நிற்பவை அங்கேதான் தெரியும். பைத்தான் நூலகம் அதைப் பிழையாக எழுப்பாது, நாமே திறந்து பார்க்க வேண்டும். லாம்டாவின் நேரக் கெடுவை 3 வினாடியிலிருந்து மாற்றவும் மறக்க வேண்டாம், அதுதான் இயல்பாக வைத்திருப்பது. 15 நிமிடம் வரை ஏற்றலாம். ஒரு கல்யாணத்துக்கு ஒரு நிமிடம் தாராளம்.

நின்று பார்க்க வேண்டிய அடுத்த இடம் வெர்ஷனிங், அதாவது ஒரு ஃபைலின் பழைய வடிவங்களையும் எஸ்3 வைத்திருக்கும் வசதி. எங்கள் பக்கெட்டில் அதை இயக்கி வைத்திருக்கிறோம், வேண்டுமென்றேதான். வீட்டில் ஒருவர் அழி என்பார், மறுநாள் பெரியப்பா கூப்பிட்டு இன்னும் ஒரு ஆல்பம் வேண்டும் என்பார். வெர்ஷனிங் இருக்கும் பக்கெட்டில் சாதாரணமாக அழித்தால் படம் அழிவதில்லை. அதன்மேல் ‘டெலிட் மார்க்கர்’ என்ற ஒரு அடையாளம் மட்டும் வைக்கப்படும். லிங்கில் படம் வராது, பட்டியலிலும் வராது. ஆனால் பழைய வெர்ஷன் முழுதாக உள்ளே இருக்கும், அதற்கு வாடகையும் ஓடும். உண்மையில் அழிக்க வேண்டுமானால் வெர்ஷன்களின் பட்டியலைத் தனியாக வாங்கி, ஒவ்வொன்றையும் அதன் வெர்ஷன் எண்ணோடு சொல்லி அழிக்க வேண்டும். அதற்கு, அமேசானில் அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம்-இல் தனி அனுமதியும் வேண்டும், சாதாரண டெலிட் அனுமதி போதாது.

ஆகவே எங்களிடம் இரண்டு வழி. ஆல்பம் முடிந்து வழக்கமாக அழிப்பது ஒரு வழி. டெலிட் மார்க்கர் வைத்துவிட்டு, பழைய வெர்ஷன்களை 7 நாளில் அகற்றும் வேலையை குறித்த நாள் ஆனதும் தானாக அழிக்கும் எஸ்3-இன் லைஃப்சைக்கிள் விதியிடம் விட்டுவிடுகிறோம். அந்த விதி நாளுக்கு ஒரு தடவை, யுடிசி எனும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவைக் கணக்கு வைத்து வேலை செய்யும். நமக்கு அது காலை 5.30. இன்னொரு வழி, ஒரு குடும்பமே கேட்டு அழிப்பது. அங்கே 7 நாள் காத்திருப்பு கிடையாது, வெர்ஷன் எண்ணோடு உடனே. இந்த இரண்டாவது வழிக்கு வேறு ஃபங்ஷன், வேறு அனுமதி. தினசரி வேலை செய்யும் ஃபங்ஷனிடம் திரும்பப் பெற முடியாத அதிகாரத்தைக் கொடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் லைஃப்சைக்கிளிடமே விட்டுவிடலாமே, லாம்டா எதற்கு என்று கேட்கலாம். ஆல்பம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்பது ஸ்டூடியோக்கள் வைத்திருக்கும் கணக்கு. லைஃப்சைக்கிளோ ஃபைல் ஏறிய நாளிலிருந்துதான் எண்ணும். இன்றைக்கு ஃபைலில் ஒரு டேக் (அடையாளச் சீட்டு) ஒட்டினால் இன்றிலிருந்து எண்ணும் என்று நினைப்பவர்கள் நிறைய, அப்படி எண்ணாது. படம் ஏறி ஏற்கெனவே 30 நாள் தாண்டியிருந்தால் அடுத்த சுற்றிலேயே போய்விடும். அதனால் 30 நாள் கழித்து ஒரே ஒரு தடவை ஓடும்படி அமேசானின் நேரம் குறிக்கும் சேவையான ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் போட்டு, அது லாம்டாவைக் கூப்பிடுகிறது.

ஒரிஜினல் படம் அழிந்தால் அதன் சிறு படத்தையும், வாட்டர்மார்க் போட்ட படத்தையும் தானாக அழிக்கும்படி அறிவிப்பு வழியாக இன்னொரு லாம்டாவைக் கட்டுவது பலர் செய்வது. வெர்ஷனிங் இருந்தால் அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. டெலிட் மார்க்கர் வைக்கப்பட்டால் வரும் அறிவிப்பு வேறு, நிரந்தரமாக அழிந்தால் வரும் அறிவிப்பு வேறு, லைஃப்சைக்கிள் அழித்தால் வருவது மூன்றாவது வகை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் மற்ற இரண்டுக்கும் எழுந்திருக்காது. சிறு படங்கள் மட்டும் தங்கிவிடும். சிறு படம்தானே என்று விட முடியாது, முகம் அதிலும் தெளிவாகத்தான் தெரியும். நான் அந்தச் சங்கிலியையே எடுத்துவிட்டேன். ஒரிஜினல், சிறுசு, வாட்டர்மார்க் மூன்றும் ஒரே யூயூஐடியின் கீழ் இருக்கின்றன. ஒரே பட்டியலில் மூன்றும் வரும், ஒன்றாகப் போகும்.

பட்டியலில் வராத இரண்டு இடங்கள் பாக்கி. ஒன்று, பாதியில் நின்ற வீடியோக்கள். பெரிய ஃபைல்கள் துண்டு துண்டாக ஏறும். மின்சாரம் போய், லைன் அறுந்து பாதியில் நின்றால், ஏறிய துண்டுகள் பக்கெட்டிலேயே இருக்கும். சாதாரணப் பட்டியலில் அவை தெரியாது, அவற்றுக்கென்று தனிப் பட்டியல் கேட்க வேண்டும். மற்றது அமேசானின் இன்னொரு சேவையான கிளவுட்ஃபிரன்ட். லிங்க் வேகமாகத் திறப்பதற்காகப் படத்தின் நகலை அது வைத்திருக்கும். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 24 மணி நேரம் வரை. எஸ்3-இல் படம் ஒழிந்த பிறகும் லிங்கைத் திறப்பவருக்கு அந்த நகல் தெரியும். அழித்த கையோடு அந்த யூயூஐடிக்குக் கீழ் உள்ள அத்தனையையும் அங்கிருந்தும் விலக்கச் சொல்லி ஒரு கட்டளை அனுப்புகிறோம். மாதத்துக்கு முதல் 1000 பாதைகள் வரை இலவசம், ஒரு வீட்டுக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்ட ஒரே பாதை போதும். வேறு ரீஜனுக்கு நகல் அனுப்பும் வசதியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மும்பையில் வெர்ஷன் எண்ணோடு அழித்தால் ஹைதராபாத் நகல் அழியாது. அங்கே தனியாகப் போய் அழிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ‘அழிந்தது’ என்று யார் சொல்வது? அழித்த ஃபங்ஷன் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது முடிந்ததும் டேட்டாபேஸில் ‘அழிக்கச் சொல்லியாயிற்று’ என்று மட்டும் எழுதும். இன்னொரு சின்ன லாம்டா வந்து பார்க்கும். அதற்கு அழிக்கும் அதிகாரமே இல்லை, பார்க்க மட்டும்தான் அனுமதி. அந்த எண்ணில் படம் ஏதாவது இருக்கிறதா, பழைய வெர்ஷன் இருக்கிறதா, பாதி ஏறிய துண்டு இருக்கிறதா, அழிப்பதற்கு முன் குறித்து வைத்த சில லிங்க்குகள் வெளியிலிருந்து திறக்கின்றனவா என்று நான்கையும் பார்க்கும். 2020 டிசம்பரிலிருந்து எஸ்3 பட்டியல் உடனுக்குடன் சரியான நிலையைக் காட்டுவதால் இப்படி உடனே பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. அதற்கு முன்பு அழித்த ஃபைல் சற்று நேரம் பட்டியலில் தலைகாட்டும். நான்கும் வெறுமையாக இருந்தால்தான் ‘அழிந்தது’ என்று எழுதும். அழிப்பதற்கு முன் எத்தனை ஃபைல் இருந்தது என்பதும் பதிவாகும். அந்த எண் பூஜ்யம் என்றால் வெற்றி கிடையாது, எனக்கு எச்சரிக்கை வரும். கோமதி சிக்கல் அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஸ்டூடியோ அண்ணன் கொடுத்த வாக்கு போதும் எனக்கு. அவர் அதை என் லாகை நம்பித்தான் கொடுத்தார்.

இப்போது சரிபார்ப்பு முடிந்ததும் வீட்டாருக்கும் ஸ்டூடியோவுக்கும் தமிழில் ஒரு செய்தி போகிறது: எத்தனை படம், எத்தனை வீடியோ, எந்தத் தேதியில் கிளவுடிலிருந்து அகற்றப்பட்டன என்று. அதன் கடைசி வரியை ஸ்டூடியோக்காரர்களோடு பேசித்தான் சேர்த்தேன். கேமரா மெமரி கார்டு, எடிட்டிங் மெஷின், வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றில் இருக்கும் படங்கள் இதில் சேராது, அவற்றை ஸ்டூடியோவே அழித்துத் தனியாக உறுதி சொல்ல வேண்டும் என்பது அந்த வரி. அந்த உறுதியைப் பதிவு செய்ய ஆப்பில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அதை அழுத்தும் வரை வேலை முடியாததாகவே அவர்கள் திரையில் நிற்கும்.